குடித்த இரவில் நெஞ்சு நோவு: கொழும்பில் எந்த வழி சரி?

குடித்த பிறகு இரவில் நெஞ்சு நோகிறது என்றால் கொழும்பில் ஒருவருக்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன. படுத்துப் பார்க்கலாம். பாமசிக்கு ஆளனுப்பலாம். தெரிந்த டொக்டருக்குப் போன் போடலாம். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். 1990 அம்புலன்ஸைக் கூப்பிட்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போகலாம். எதைத் தெரிவு செய்கிறோம் என்பதில் நோவை விட வெட்கத்துக்கும் காசுக்கும்தான் கூடப் பங்கு. "குடிச்சிட்டு வந்திருக்கிறான்" என்று மிஸ்ஸி சொல்லுவா, வாட்டில் தெரிந்த யாராவது கண்டுவிடுவார்கள், ஒரு இரவுக்கு எத்தனை ஆயிரம் போகுமோ என்றெல்லாம் யோசித்து முடிவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும்.

இந்த வழிகளை ஒப்பிட என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு: எந்த வழியில் போனால் ஈசிஜி (இதயத் துடிப்பைத் தாளில் பதியும் சோதனை) சீக்கிரம் எடுபடும், தேவைப்பட்டால் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் எடுபடும்? மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில், அது என்னவாக இருக்கலாம்

கொழும்பில் எல்லா நெஞ்சு நோவுக்கும் ஒரே பெயர்தான், காஸ்ட்ரைட்டிஸ். சோறு பிந்தினாலும் காஸ்ட்ரைட்டிஸ், டெவல் இறைச்சி உறைத்தாலும் காஸ்ட்ரைட்டிஸ். குடித்தவர் விஷயத்தில் பலவேளை அது சரியாகவும் இருக்கும். மது உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வளையத் தசையைத் தளர்த்தி விடுகிறது. வயிற்று அமிலம் மேலே ஏறி நெஞ்சு எரியும். இரைப்பையின் உள்தோல் புண்பட்டாலும் நோகும்.

ஆனால் அதே இடத்தில் அதே மாதிரி நோகக்கூடிய வேறு விஷயங்களும் இருக்கின்றன. ஒன்று மாரடைப்பு. இன்டர்ஹார்ட் என்ற பன்னாட்டு ஆய்வு 2004-இல் வெளியானது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவர்களை விட ஏறத்தாழ ஐந்து வயது முந்தியே வருகிறது என்று அது காட்டியது. ஆகவே "எனக்கு இன்னும் நாற்பத்தைந்துதானே" என்பது எங்கள் ஆட்களுக்குப் பெரிய பாதுகாப்பு இல்லை. இன்னொன்று இதயத் துடிப்பு தாறுமாறாவது. வார இறுதியிலோ விழாவிலோ அளவுக்கு மீறிக் குடித்தவர்களுக்கு இப்படி வருவதை 1978-இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் எட்டிங்கரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'விடுமுறை இதயம்'. நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி இருக்கும், மணிக்கட்டில் நாடி பிடித்தால் ஒழுங்கில்லாமல் அடிக்கும். வழக்கமாகக் குடிக்காதவருக்கும் இது வரலாம்.

கணையம் வீங்கினால் மேல் வயிற்றில் தொடங்கும் கடும் நோவு முதுகுக்குப் போகும். ஓங்கரித்து ஓங்கரித்து வாந்தி எடுத்தால் உணவுக்குழாய் கிழிந்து இரத்தம் வரலாம். அரிதாக அது முழுவதுமாகவே வெடித்துவிடும். 1724-இல் ஹெர்மன் பூர்ஹாவ என்ற ஒல்லாந்து மருத்துவர் முதலில் எழுதிய நோயாளியும் பெருந்தீனிக்குப் பிறகு வாந்தி எடுத்த ஒரு கடற்படைத் தளபதிதான் (அப்போது கொழும்பும் ஒல்லாந்தர் கையில்தான் இருந்தது). நாள்தோறும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினாலும் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், கை நடுங்கும். வெறியில் எங்கோ விழுந்து விலா எலும்பு வெடித்ததே ஞாபகம் இல்லாமல் காலையில் "நெஞ்சு நோகுது" என்று எழும்புகிறவர்களும் உண்டு.

இதில் எது என்று வீட்டுக்குள் இருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஈனோ குடித்து ஏவறை விட்டதும் குறைந்தது என்பதும் சான்று இல்லை. மாரடைப்பு நோவும் இடையில் குறைந்து திரும்ப வரும். அமில மருந்து கொடுத்ததும் சுகமான சிலருக்குப் பிறகு மாரடைப்பு என்று தெரிய வந்திருப்பதால், அந்தச் சோதனையை நம்ப வேண்டாம் என்றுதான் அவசரப் பிரிவு மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வழி ஒன்று: படுத்துப் பார்ப்பது

காசில்லாத வழி, வெட்கமில்லாத வழி. ஆகவே பெரும்பாலானோர் எடுப்பதும் இதைத்தான்.

இது பொருந்துகிற ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. இளம் வயது, சீனி வருத்தமோ பிரஷரோ இல்லை, சிகரெட் இல்லை. எரிவு படுத்ததும் தொடங்குகிறது, தொண்டைக்குப் புளித்த தண்ணி வருகிறது, எழும்பி உட்கார்ந்தால் குறைகிறது. முன்னும் இதே மாதிரி வந்து, டொக்டரிடம் காட்டி, ஈசிஜியும் எடுத்துப் பார்த்தாயிற்று. இவை எல்லாம் சேர்ந்தே இருக்கிறவர் தலைமாட்டை உயர்த்தி, இடப்பக்கம் சரிந்து படுத்துப் பார்க்கலாம். ஒன்று குறைந்தாலும் இந்த வழி சரிவராது என்பது என் கருத்து.

இறுக்குகிற மாதிரி, பாரம் ஏறின மாதிரி, அடைக்கிற மாதிரி இருந்தால், நோவு கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ போனால், குளிர் வியர்வை, மூச்சு வாங்கல், தலைச்சுற்று, ஒழுங்கில்லாத நாடி, இரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுத்த மலம் என்று ஏதாவது இருந்தால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. சீனி வருத்தக்காரருக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நோவே பெரிதாக இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலும் களைப்பும் மட்டும் வரலாம். அதற்கு மேல், மது நோவையும் மரத்துப்போகப் பண்ணுகிறது. குடிக்காதவர் 'பத்துக்கு எட்டு' என்று சொல்லும் நோவைக் குடித்தவர் 'சும்மா கொஞ்சம்' என்பார்.

"வெறி இறங்கட்டும், பிறகு பார்ப்போம்" என்பது இன்னொரு கணக்கு. சாராயத்தில் மது 33 வீதத்துக்கு மேல் இருக்கிறது. 33 என்றே வைத்தாலும் 180 மில்லி லீட்டர் கால் போத்தலில் சுத்த மது ஏறக்குறைய 47 கிராம். மணிக்கு 10 கிராம் அளவில்தான் ஈரல் அதைக் கரைக்கும். அப்படியென்றால் ஒரு காலுக்கே ஐந்து மணி நேரம் வேண்டும். பிளேன்டீயும் தேசிக்காய்த் தண்ணியும் தலையில் ஊற்றுகிற வாளித் தண்ணியும் இந்தக் கணக்கை மாற்றாது. தேசிக்காய் எரிவைக் கூட்டலாம், அவ்வளவுதான். மாரடைப்பில் ஐந்து மணி நேரம் போனால், இரத்தம் போகாத இதயத் தசையில் பெரும் பகுதி செத்துவிடலாம்.

பாமசியும் தெரிந்த டொக்டரும்

பாமசியில் ஈசிஜி இல்லை. ஆகவே என் அளவுகோலில் இது விழுந்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: நெஞ்சு நோவுக்கு என்று டைக்குளோஃபெனாக் மாதிரி நோவு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். மதுவால் ஏற்கெனவே புண்பட்ட இரைப்பையில் அது இரத்தம் கசியப் பண்ணும். அஸ்பிரின் மாரடைப்புக்கு நல்ல மருந்துதான், ஆனால் இரத்த வாந்தியோ அல்சரோ இருக்கிறவருக்கு அதுவே ஆபத்து. கேட்காமல் போட வேண்டாம்.

தெருமுனை டிஸ்பென்சரி டொக்டர் பகலில் நல்ல வழி. உங்கள் சீனி, பிரஷர், அப்பாவுக்கு எத்தனை வயதில் இதய வருத்தம் வந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். சிலரிடம் ஈசிஜி மெஷினும் இருக்கும். இரவு பதினொன்றரைக்கு அவருக்குப் போன் எடுத்தால், நல்ல டொக்டர் என்றால், "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்றுதான் சொல்லுவார். அந்தப் போனை மிச்சம் பிடிக்கலாம்.

அரசா, தனியாரா?

உண்மையான ஒப்பீடு இங்கேதான். கொழும்புத் தமிழ் நடுத்தர வீடுகளில் விடை ஏற்கெனவே தயாராக இருக்கும்: கையில் காசிருந்தால் தனியார், இல்லாவிட்டால் பெரியாஸ்பத்திரி. நெஞ்சு நோவுக்கு நான் இந்த வரிசையை ஏற்கவில்லை.

பெரியாஸ்பத்திரி, அதாவது கொழும்பு 10-இல் இருக்கும் தேசிய வைத்தியசாலை, நாட்டிலேயே பெரியது. இதயப் பிரிவும், இதயக் குழாய் அடைப்பைப் பார்த்து எடுக்கிற கதீட்டர் கூடமும் அங்கேயே உண்டு. காசு கட்டத் தேவையில்லை. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தாருக்குக் களுபோவில கிட்ட, வத்தளைக்கு அப்பால் இருப்பவர்களுக்கு ராகம. வெளிநோயாளர் வரிசையை நினைத்துத்தான் பலர் பயப்படுகிறார்கள், ஆனால் நெஞ்சு நோவு அந்த வரிசைக்குப் போவதில்லை, அது ஈடீயூவுக்கு, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது. வந்து பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி என்பது உலக அளவில் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. கூட்டமான இரவில் அது பிந்தலாம். ஆகவே உள்ளே போனதும் "நெஞ்சு நோவு" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். "வாந்தி", "காஸ்ட்ரைட்டிஸ்", "கொஞ்சம் குடிச்சிட்டார்" என்று தொடங்கினால் உங்களைப் பார்க்கிற வரிசையும் அதற்கேற்ப மாறிவிடும்.

மொழி ஒரு சிக்கல்தான். சிங்களம் தெரிந்த ஒருவர் கூடப் போவது நல்லது. யாரும் இல்லையென்றால் "பப்புவ ரிதெனவா" என்றால் நெஞ்சு நோகிறது, "ஹுஸ்ம கன்ன அமாருய்" என்றால் மூச்சு எடுக்கக் கஷ்டம். இந்த இரண்டும் போதும்.

வாட்டு நெருக்கடி உண்மை. பக்கத்துக் கட்டிலுக்கும் உங்கள் கட்டிலுக்கும் இடையில் நடக்க இடமிருக்காது, சில நாட்களில் கட்டிலே இருக்காது. கூட நிற்க ஆளை விடமாட்டார்கள். ஏச்சும் விழலாம். குடித்து வந்தவரிடம் சில பேர் முகம் சுளிப்பார்கள் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நெஞ்சு நோவோடு வந்தவர் குடித்திருக்கிறார் என்பதற்காகப் பொலிஸ் வரும் என்ற பயம் வெறும் பயம். விபத்தும் அடிதடியும் வேறு கதை.

தனியாரில் அமைதி, தனி அறை, மரியாதையான பேச்சு, பலவேளை தமிழ் தெரிந்த ஒருவர். டேர்டன்ஸ், நவலோக்க, ஆசிரி, லங்கா ஹொஸ்பிட்டல்ஸ் போன்ற பெரிய இடங்களில் இதயச் சிகிச்சைக்கு எல்லா வசதியும் உண்டு. வீட்டுக்கு ஐந்து நிமிடத்தில் அப்படி ஒன்று இருந்தால், காசும் தயாராக இருந்தால், தாராளமாகப் போகலாம். ஈசிஜி சீக்கிரம் எடுப்பார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகு. ஈசிஜியில் மாரடைப்பு என்று வந்தால் அட்மிட் பண்ண முற்பணம் கேட்பார்கள். அடைப்பை எடுக்கிற சிகிச்சை என்றால் கணக்கு லட்சங்களில். அந்த நேரத்தில் அண்ணனுக்கும் மச்சானுக்கும் போன் போட்டுக் கலந்து பேசி, "சரி, பெரியாஸ்பத்திரிக்கே கொண்டு போவோம்" என்று வெளிக்கிடுகிற குடும்பங்கள் எத்தனையோ. முதலிலேயே அங்கே போயிருந்தால் அந்த நேரம் மிச்சம். பக்கத்தில் இருக்கிற சின்னத் தனியார் ஆஸ்பத்திரி என்றால் இன்னும் மோசம், இதய வசதி இல்லாவிட்டால் அவர்களும் வேறு இடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். காப்புறுதி இருக்கிறது என்று நம்பிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மதுவால் வந்த வருத்தத்துக்குக் காசு இல்லை என்ற விலக்கு பல பத்திரங்களில் இருக்கிறது. அதனாலேயே சிலர் டொக்டரிடம் "குடிக்கவில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். காப்புறுதிக்காகச் சொன்ன பொய்யை வைத்துத்தான் டொக்டர் மருந்து எழுதுவார், அதை யோசியுங்கள்.

ஆகவே என் தெரிவு: பெரிய தனியார் ஆஸ்பத்திரி மிகக் கிட்டவும், கடைசிவரை செலவழிக்கும் வசதியும் இருந்தால் அது. மற்ற எல்லோருக்கும் 1990-உம் அரச ஈடீயூவும். இரவுக்கு அரசு, பகலில் தொடர்ந்து காட்ட விருப்பமானால் தனியார் என்று பிரித்துக்கொள்வதில் ஒரு தவறும் இல்லை.

போவது எப்படி

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2016-இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிறது. உள்ளே பயிற்சி பெற்ற ஆளும் ஒட்சிசனும் இருப்பது ஓட்டோவில் இல்லாத வசதி. ஒழுங்கைக்குள் வீடு என்றால் ஒருவர் பெரிய வீதி முனையில் போனோடு நிற்க வேண்டும். மாடிக் குடியிருப்பு என்றால் வோச்சரிடம் கேற்றைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அம்புலன்ஸ் வரத் தாமதம் என்று தெரிந்தால் ஓட்டோ பரவாயில்லை. கார் வைத்திருக்கும் நண்பர் வேண்டவே வேண்டாம், அவரும் அதே போத்தலில்தான் குடித்திருப்பார்.

அங்கே சொல்ல வேண்டியவை

எவ்வளவு குடித்தீர்கள், என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள். கசிப்பு என்றால் கசிப்பு என்றே சொல்ல வேண்டும், அதில் கலந்திருப்பதற்கு வேறு சிகிச்சை தேவைப்படலாம். நாள்தோறும் குடிப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள். வாட்டில் இரண்டாம் நாள் கை நடுங்கி, மூன்றாம் நாள் ஆளே மாறிப் பிதற்றத் தொடங்கினால் ஏன் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

வயகரா வகை மாத்திரை போட்டிருந்தால் அதை மறைப்பதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்து. நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கிற நைட்ரேட் மருந்தும் அதுவும் சேர்ந்தால் பிரஷர் தாறுமாறாக விழும். மனைவி பக்கத்தில் நிற்கிறா என்று கூச்சமாக இருந்தால், டொக்டரிடம் அவரை வெளியே அனுப்பச் சொல்லலாம். மெட்ரோனிடசோல் என்ற வயிற்றோட்ட மருந்து குடித்துக்கொண்டிருக்கும்போது மதுவும் எடுத்தால் சிலருக்கு முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும், ஆகவே மாத்திரைப் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

முதல் ஈசிஜி நல்லது என்றதும் வீட்டுக்கு ஓடப் பார்க்காதீர்கள். மாரடைப்பில் இரத்தத்தில் ஏறும் ட்ரோபொனின் என்ற புரதம் தெரிய சில மணி நேரம் எடுக்கலாம். நோவு தொடங்கி ஒரு மணி நேரத்தில் எடுத்த இரத்தம் சரி என்பதால் மட்டும் எதுவும் முடிந்துவிடாது. இரண்டாவது தடவையும் எடுக்கத்தான் "காலைவரை இருங்கோ" என்கிறார்கள். தாங்களே கையெழுத்து வைத்து வெளியேறுகிறவர்களில் குடித்து வந்தவர்கள் நிறைய என்று எனக்குப் படுகிறது. வெறி இறங்க இறங்க வெட்கம் ஏறுகிறது.

பிறகு யாரைச் சனல் பண்ணுவது

இதய டொக்டரா, வயிற்று டொக்டரா என்பது அடுத்த குழப்பம். என்னைக் கேட்டால் முதலில் இருவரும் இல்லை. ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட்டையும் ஈசிஜித் தாளையும் எடுத்துக்கொண்டு குடும்ப டொக்டரிடமோ பொது மருத்துவரிடமோ போனால் அவர் வழிகாட்டுவார். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது என்றால் மட்டும் நேரே இதய மருத்துவர். எக்கோ என்ற இதய ஸ்கேன், தேவைப்பட்டால் 24 மணி நேரம் நெஞ்சில் மாட்டிக்கொண்டு திரிகிற, துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர். அந்த வகைத் துடிப்பு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாகச் சரியாகிவிடும், பிறகு எடுக்கும் ஈசிஜியில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் இரவில் எடுத்த தாளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறேன். ஒரு மிடறு குடித்த சில நிமிடங்களிலேயே ஒவ்வொரு தடவையும் நெஞ்சோ கழுத்தோ நோகிறது என்றால் அதையும் டொக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஹொட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றில் மிக அரிதாக இப்படி வரும்.

நிறுத்துவதென்றால்

எப்போதாவது குடிப்பவருக்கு ஒப்பிட ஒன்றும் இல்லை, நிறுத்தினால் போதும். நாள்தோறும் குடிப்பவருக்கு அப்படி இல்லை. பயந்துபோய் மறுநாளே தனியாக நிறுத்துவது வீரமாகத் தெரியும், ஆனால் முதல் இரண்டு நாளில் வலிப்பும் அதன் பிறகு புத்தி பேதலிப்பும் வரலாம். சிலருக்கு உயிரும் போகும். இவர்களுக்கு டொக்டர் மேற்பார்வையில், மருந்தோடும் தயமின் விட்டமினோடும் நிறுத்துவதுதான் வழி. அங்கொடை மனநல நிறுவகத்தில் அதற்கு இடமுண்டு. அதன் 1926 இலக்கத்துக்கு முதலில் பேசியும் பார்க்கலாம். "அங்கொடை" என்ற பெயரைக் கேட்டாலே வெளிக்கிடாதவர்களுக்குச் சாதாரண மருத்துவ வாட்டிலும் இதைச் செய்வார்கள்.

உடம்பு தெளிந்த பிறகு பேச ஆள் வேண்டும். ஹோர்ட்டன் பிளேசில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு நடத்தும் மெல் மெதுர ஆலோசனை நிலையம் இலவசம், இரகசியம் காப்பார்கள். அபாயகரமான மருந்துகள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. கூட்டமாக உட்கார்ந்து பேசப் பிடித்தவருக்கு ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள், குடியை விட முயலுகிறவர்கள் ஒன்றுகூடுகிற இடம்.

கடைசியாக, வீட்டில் பெண்கள் தனியாக எடுக்கும் ஒரு வழி இருக்கிறது. கணவனுக்குத் தெரியாமல் கறியிலோ தேநீரிலோ கலக்கும் 'குடி மறக்கும் மருந்து'. அதில் பலவேளை இருப்பது டைசல்ஃபிராம். 1940-களில் டென்மார்க்கில் கண்டுபிடித்த மருந்து, டொக்டர் சொல்லி, குடிப்பவரும் தெரிந்தே எடுத்தால் உதவுவது. தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போலக் குடிப்பார். முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, பிரஷர் விழும். இதயம் ஏற்கெனவே பலவீனமானவருக்கு அதுவே போதும். ஈடீயூவில் டொக்டர் மது மணத்தை மட்டும் கண்டு குழம்பிப்போவார். ஏற்கெனவே கலந்து கொடுத்திருந்தால் டொக்டரைத் தனியே கூப்பிட்டு உடனே சொல்லிவிடுங்கள். வீட்டில் மிச்சம் இருக்கிற மாத்திரைகளை இனிக் கொடுக்காதீர்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு கிழமை வரை அதன் வேலை உடம்பில் இருக்கலாம், அத்தனை நாளும் அவர் ஒரு மிடறு குடித்தாலும் அதே கதை திரும்ப நடக்கலாம் என்பதை அவருக்கும் யாராவது சொல்லத்தான் வேண்டும். நீங்கள் சொல்ல முடியாவிட்டால் டொக்டர் சொல்லுவார்.